வெளிச்சம் போயிடுச்சாம்

…வெளிச்சம் போயிடுச்சாம் தம்பி, வெளிச்சம். வாடகை ஜாஸ்தின்னு காலி பண்றவன் உண்டு. தண்ணி வரலன்னு போறவன் உண்டு. பக்கத்து வீட்டு நாய் மொறைக்குதுன்னு போனவன்கூட ஒருத்தன் இருந்தான். "வெளிச்சம் போயிடுச்சும்மா, நான் கெளம்பறேன்"னு சொல்லிட்டுப் போனது உலகத்துலயே அந்த ஒரு மனுஷன்தான். நான் என்ன, வெளிச்சத்த முந்தானையில முடிஞ்சு வச்சிருக்கேனா? பாத்து வாங்க, அந்த நாலாவது படி கொஞ்சம் ஆடும். எங்க வீட்டுக்காரர் போட்ட படி. அவர் கை வச்ச எல்லாமே கொஞ்சம் ஆடும்.

இதான் ரூமு. இந்தப் பக்கம் குளிக்கிற எடம். குழாய இடது பக்கம் திருப்பினா வராது, வலது பக்கம் திருப்பினா நிக்காது, நடுவுல புடிச்சுக்கணும். பழகிடும்.

அய்யய்யோ, அந்தச் சன்னல் கண்ணாடியத் தொடாதீங்க. கைக்குட்டைய உள்ள வைங்க தம்பி. மூக்குக்கண்ணாடிக் கடையில வேலைன்னு கீழ சொன்னீங்கல்ல, அதான், எந்தக் கண்ணாடியப் பாத்தாலும் கை தானா துடைக்கப் போகுது. அது அப்படியே இருக்கட்டும். ஏன்னு அப்புறம் சொல்றேன். பைய வேணா சன்னல் கட்டை மேல வச்சுக்கோங்க, கண்ணாடில படாம.

வாசனையா? அது… அது அந்த ஆளு விட்டுட்டுப் போன வாசனை. படம் வரையறவன் இருந்த ரூமு, பூ வாசனையா வரும்? ஆமா, போய் எட்டு மாசமாச்சு. சில வாசனை அப்படித்தான், லேசுல போகாது.

அவன் வந்த அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். ஒரு மனுஷன் ரூம் பாக்க வந்தா என்ன பாப்பான்? குழாயத் தொறப்பான், சொவத்தத் தட்டுவான், கொசு வருமான்னு கேப்பான். நீங்க கேட்டீங்கல்ல, அது மாதிரி. இவன் வந்தான், பெட்டியக் கீழ வச்சான், சன்னலுக்கு முதுகக் காட்டிக்கிட்டு இந்த வெறுஞ்சொவத்தப் பாத்துக்கிட்டு நின்னான். சாயங்காலம் நாலு மணி. நான் கொசுவலை, மின்சாரம், குப்பை எடுக்கிற வண்டி எல்லாத்தையும் ஒண்ணு விடாம சொல்லி முடிச்சேன். ஒரு வார்த்த காதுல வாங்கல. கடைசில, "இந்த வெளிச்சம் தெனமும் வருமா"ன்னு கேட்டான். "வரும், அதுக்குத் தனியா காசு கெடையாது"ன்னேன். சிரிச்சான். குளிக்கிற எடத்தக்கூடப் பாக்காம அட்வான்ஸக் குடுத்துட்டான். நான் அப்பவே நெனச்சேன். ஒண்ணு இவன் ரொம்ப நல்லவன், இல்ல எங்கயோ திருடிட்டு வந்திருக்கான்.

என்ன தொழில்னு கேட்டேன். "பெயிண்டிங் பண்றேம்மா"ன்னான். நல்லதாப் போச்சுன்னு வாசல் கேட்டுக்குப் பெயிண்ட் அடிச்சுத் தரச் சொன்னேன். நீங்க உள்ள வரும்போது பாத்தீங்கல்ல, அந்தச் சாம்பல் கலர் கேட்டு? அவன் அடிச்சதுதான். வாய் தொறந்து நான் அந்த பெயிண்டர் இல்லன்னு ஒரு வார்த்த சொல்லல தம்பி. மூணு நாள் கலர் கலந்தான். கல்லு ஒடைக்கிற எடம் எதுத்தாப்ல தெரியுது பாருங்க, அங்க காலைல பறக்கிற தூசியோட கலராம் அது. நான் பச்ச கேட்டேன்.

எதுத்தாப்ல என்ன இருக்குன்னு நீங்களே பாருங்க. அங்க கல்குவாரி. அதுக்குக் கீழ ஏரி, ஏரின்னு பேரு, பாதி நாணல். அந்தாண்ட சரக்கு ரயில் நிக்கிற கொட்டகை. சொல்லிக்கிற மாதிரி என்னய்யா இருக்கு இதுல? ஆனா அவன் இதுக்குத்தான் வந்தானாம். "இந்த எடத்தோட வெளிச்சம்மா, வேற எங்கயும் இப்படிப் பாத்ததில்ல." நாப்பது வருஷமா இங்க இருக்கேன், என் கண்ணுல படல. சரி, ஆசப்பட்டு வந்திருக்கான், குவாரிய வரைவான், ஏரிய வரைவான், ரயில் போறப்ப ஒரு புகைய வரைவான், வாசல்ல ஒண்ணு மாட்டிக்கலாம்னு நானும் காத்துக்கிட்டிருந்தேன்.

ரெண்டு மாசம் கழிச்சு முத படம். என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். மஞ்சள். மஞ்சள்னா சாதா மஞ்சள் இல்ல, தேன் பாட்டில் அடில தூசி விழுந்து கெடக்குமே, அப்படி ஒரு மஞ்சள். கீழ பட்டையா சாம்பல். மேல மூலைல சாய்வா ஒரு இழுப்பு. அவ்வளவுதான். "ஏரி எங்கப்பா"ன்னேன். "இதான்மா ஏரி"ன்னான். "குவாரி?" "அதுவும் இதான்." "ரயிலு?" கொஞ்சம் யோசிச்சுட்டு, "அது இன்னிக்கு லேட்டு"ன்னான். எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. வாயக் கொறச்சு வேலையப் பாக்கிற ஆளுன்னு நெனச்சேன், வாயும் இருந்துச்சு.

அப்புறம் வரிசையா அதே தான். ரெண்டாவது படமும் மஞ்சள், அஞ்சாவதும் மஞ்சள். காலைல தூங்குவான், மத்தியானம் ரொட்டியத் தின்னுட்டுச் சும்மா உக்காந்திருப்பான், நாலு மணி ஆனா பேய் புடிச்ச மாதிரி எந்திரிப்பான். அஞ்சே காலுக்குப் பிரஷ்ஷக் கழுவி வச்சுடுவான். என் தங்கச்சி வந்தா, படங்கள எல்லாம் சுத்திப் பாத்தா, "ஏன்க்கா, இவன் முட்டையப் பொரிச்சுப் பொரிச்சு ஒட்டி வச்சிருக்கானா"ன்னா. அவளுக்கு வாய் ஜாஸ்தி. எங்க குடும்பத்துல எல்லாருக்குமே அப்படித்தான், என்னைத் தவிர.

ஏன் சிரிக்கிறீங்க?

உக்காருங்க, நின்னுக்கிட்டே எவ்வளவு நேரம் கேப்பீங்க. அந்த நாற்காலி வேணாம், அதுவும் அவர் செஞ்சது. கட்டில்ல உக்காருங்க, அது கடையில வாங்கினது.

அவர்னா எங்க வீட்டுக்காரர்தான். ரயில்வே பார்சல் ஆபீஸ்ல குமாஸ்தா. ஆறு நாள் மூட்டைக்குச் சீட்டு ஒட்டுவாரு, ஞாயித்துக்கெழம ஆனா ஆசாரி ஆயிடுவாரு. அலமாரி செய்வாரு, கதவு மூடாது. கதவ இழைச்சு மூட வச்சா, தொறக்காது. போய் ஆறு வருஷம் ஆச்சு. அவர விடுங்க, நான் சொல்ல வந்தது வேற.

இந்த ஆளுக்கு ஒரு அதிர்ஷ்டம் வந்துச்சு. டவுன்ல பெரிய ஹால்ல கண்காட்சி. பதினோரு படம். அது போக, புதுசாக் கட்டற நூலகத்துல, படிக்கிற ஹால் சொவத்துக்கு ஒரு பெரிய படம் வேணும்னு கேட்டிருந்தாங்க. ரெண்டு கட்டில ஒட்டிப்போட்ட அகலம். துணிய இங்கயே இழுத்துக் கட்டி ஆரம்பிச்சிருந்தான். பாதி ஆயிருந்துச்சு. வாழ்க்கைல மொத தடவையா யாரோ என்கிட்ட கேட்டு வாங்கறாங்கம்மான்னு சொன்னான். நாப்பத்தஞ்சு வயசு ஆளு, பரிட்சைல பாஸான பையன் மாதிரி என் அடுப்படி வாசல்ல நின்னு சொன்னான். எனக்கும் சந்தோஷமா இருந்துச்சு, இல்லன்னு பொய் சொல்லக் கூடாது.

கண்காட்சிக்கு என்னையும் கூப்பிட்டான். இருக்கறதுலயே நல்ல புடவையக் கட்டிக்கிட்டுப் போனேன். உள்ள போனா, ஆளுங்க எல்லாம் கையப் பின்னால கட்டிக்கிட்டு, துக்கம் விசாரிக்க வந்த மாதிரி நடக்கறாங்க. ஒவ்வொரு படத்துக்கும் தலைக்கு மேல தனி விளக்கு. தாடி வச்ச ஒருத்தர் நாலு பேருக்கு வெளக்கிக்கிட்டிருந்தாரு. "இந்த நிலத்தோட வெளிச்சத்தப் பாருங்க. இந்த இழுப்பு இருக்கே, இது காத்து. நாணல் மேல ஏறிப் போற காத்து. இந்தச் சொட்டு, ஏரில விழற சூரியன்."

சொட்டா? நானும் எட்டிப் பாத்தேன். வலது பக்கக் கீழ்மூலைல, மெலிசா எறங்கி, முடியற எடத்துல குண்டா நிக்குது ஒரு சொட்டு. அடுத்த படத்துல பாக்கறேன், அதே மூலைல அதே சொட்டு. அதுக்கு அடுத்ததுலயும். தம்பி, அந்தச் சொட்ட எனக்குத் தெரியாதா? பத்தொம்பது வருஷமா அதப் பாத்துப் பல்லக் கடிச்சவ நான். அது சூரியனும் இல்ல, நாணலும் இல்ல, காத்தும் இல்ல. எங்க வீட்டுச் சன்னல். இதோ, இந்தச் சன்னல். அதுல இருந்த அழுக்கு.

அந்த ஆளு குவாரியப் பாத்து வரையல. ஏரியப் பாத்தும் வரையல. என் அழுக்குக் கண்ணாடி வழியா வந்து இந்தச் சொவத்துல விழுந்த வெளிச்சத்தப் பாத்து வரைஞ்சிருக்கான். பதினோரு படம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு விளக்கு. ஊரே வந்து நின்னு என் வீட்டு அழுக்க ரசிக்குது. மானம் கப்பலேறிடுச்சு. ஒரு அம்மா என்கிட்ட வந்து, "நீங்கதான் அந்த வீட்டுக்காரம்மாவா? குடுத்து வச்சவங்க"ன்னு வேற சொன்னாங்க. நான் வாயத் தொறக்கல. நம்புங்க. ஜூஸ் குடுத்தாங்க, குடிச்சேன், பஸ் ஏறி வந்துட்டேன்.

அவன் கண்காட்சிக்காக நாலு நாள் டவுன்லயே தங்கிட்டான். எனக்கு அது போதாதா? தின்னர் ஒரு பாட்டில், பிளேடு ஒரு பாக்கெட்டு, சோப்புத் தண்ணி, பழைய பேப்பரு. மூணு நாள் தம்பி. சாதா அழுக்கா இருந்தா ஒரு மணி நேரம். இது வார்னிஷ். அவர், எங்க வீட்டுக்காரர், ஒரு ஞாயித்துக்கெழம சன்னல் கட்டைக்கு வார்னிஷ் அடிச்சாரு. கட்டைக்கு அடிச்சவர் கண்ணாடிக்கும் ஒரு இழுப்பு இழுத்துட்டாரு. பிரஷ்ல மிச்சம் இருந்தத அங்கயே துடைச்சுட்டாரு போல. அது வருஷாவருஷம் மஞ்சளாப் பழுத்து, குவாரித் தூசியெல்லாம் வந்து ஒட்டி, தோல் மாதிரி ஆயிடுச்சு. "இதச் சொரண்டுங்க"ன்னு அவர் இருந்தவரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தேன். "நாளைக்குத் துடைச்சிடறேன்"னுவாரு. பதிமூணு வருஷம், தெனமும் நாளைக்கு. அப்புறம் அவரே போயிட்டாரு. அதுக்கப்புறம் மாடிப்பக்கம் வர எனக்கு மனசில்ல, அப்படியே விட்டுட்டேன்.

சொரண்டிட்டேன். பளபளன்னு ஆக்கிட்டேன். குவாரில லாரி நம்பர்கூடத் தெரிஞ்சுச்சு. வந்து பாத்து அசந்துடுவான்னு நெனச்சேன்.

வந்தான். நாலு மணி ஆச்சு. நான் வாசப்படில நின்னு பாக்கறேன். வெளிச்சம் உள்ள வந்துச்சு. வெள்ளையா. ஆஸ்பத்திரி வெளிச்சம் மாதிரி, சொவத்துல சப்புன்னு விழுந்துச்சு. அவன் சொவத்தப் பாத்தான், சன்னலப் பாத்தான், மறுபடி சொவத்தப் பாத்தான். தரையில உக்காந்துட்டான். "யாரும்மா துடைச்சது"ன்னு கேட்டான். "நான்தான்"னேன், பெருமையா. இன்னிக்கு நெனச்சாலும் என் வாயில போட்டுக்கணும் போல இருக்கு. "நல்லா பளிச்சுன்னு இருக்கும்மா"ன்னான். அவ்வளவுதான். திட்டல தம்பி. திட்டியிருந்தா நானும் நாலு திட்டியிருப்பேன், கணக்குத் தீர்ந்திருக்கும். நான் குடுத்த டீயக் குடிச்சுட்டு டம்ளரக் கழுவி வச்சான். ஒரு வாரம் நாலு மணிக்கு எந்திரிச்சு எந்திரிச்சுப் பாத்தான். அப்புறம்தான் வந்து சொன்னான், வெளிச்சம் போயிடுச்சும்மான்னு. போகலப்பா, நான்தான் பிளேடு போட்டுச் சொரண்டிக் கழுவிச் சாக்கடைல ஊத்தினேன்னு நான் சொல்லியிருக்கணும். "உன் இஷ்டம்"னேன்.

நூலகத்துப் படத்த எடுத்துக்கிட்டுப் போகல. முடியாதத எங்கம்மா கொண்டுபோறதுன்னான். இதோ, சொவத்தப் பாத்து நிக்குது பாருங்க, அதான். இருங்க, திருப்பறேன். இல்ல இல்ல, நீங்க உக்காருங்க, எனக்குப் பழக்கம்தான்.

பாத்தீங்களா. இந்தப் பக்கம் ஆயிருக்கு, அந்தப் பக்கம் வெறுந்துணி. அவன் போனப்புறம் ஒரு நாள் பெருக்க வந்தேன், இதத் திருப்பினேன். மேல மூலைல பாருங்க, அந்த இழுப்பு. கீழருந்து ஏறி, கடைசில சடக்குன்னு ஒரு திருப்பு. எங்க வீட்டுக்காரர் இடதுகைக்காரர். எதையும் முடிக்கத் தெரியாது அவருக்கு, முடிக்கிற எடத்துல கையச் சடக்குன்னு எடுத்துடுவாரு. கையெழுத்துகூட அப்படித்தான் போடுவாரு. இது அவர் கை. அவர் போட்டோ கீழ மாட்டியிருக்கு, அதுல கோட்டு போட்டுக்கிட்டு யாரோ மாதிரி இருப்பாரு. இங்கதான் இருக்காரு. அதத்தான் நான் மூணு நாள் உக்காந்து, சோப்புப் போட்டு… சரி விடுங்க. நான் அழல. அந்த வாசனை கண்ணுல எரியுது.

வாசனை… உண்மையச் சொல்லிடறேன். அது அவன் விட்டுட்டுப் போனது இல்ல. இன்னிக்குக் காலைல நான் அடிச்ச வார்னிஷ். அதான் தொடாதீங்கன்னேன், இன்னும் காயல. ஆறு மாசமா இதே வேலையா இருக்கேன். அடிக்கிறது, காய்ஞ்சதும் பாக்கறது, சொரண்டறது. குவாரித் தூசிய முறத்துல அள்ளிட்டு வந்து ஊதிக்கூடப் பாத்தாச்சு. கலர் ஓரளவுக்கு வந்துடுச்சு, தேயிலைத் தண்ணி கொஞ்சம் கலந்தேன். அந்த இழுப்புத்தான் வர மாட்டேங்குது. இடது கையால இழுத்தேன், கண்ண மூடிக்கிட்டு இழுத்தேன். எப்படி இழுத்தாலும் கோலு வச்சு இழுத்த மாதிரி நிக்குது. கவனமில்லாம செய்யணும்னு கவனமா செஞ்சா எங்க வரும்? கடைக்காரன், "வார்னிஷ் இவ்வளவு எதுக்கும்மா, வீடு முழுக்கக் கதவா"ன்னு கேக்கறான்.

வாராவாரம் அவனுக்குப் போன் பண்றேன். இப்ப வேற எங்கயோ இருக்கான். "அங்க வெளிச்சம் எப்படி"ன்னு கேட்டா, "ரொம்ப நல்லா இருக்கும்மா, அதான் பிரச்சன"ங்கறான். நூலகத்துக்காரங்க அடுத்த மாசம் முடியற வரைக்கும் பாப்பாங்களாம். அதுக்கப்புறம் அந்தச் சொவத்துல கடியாரம் மாட்டிடுவாங்களாம். நான் கண்ணாடிக்கு வார்னிஷ் அடிக்கிறது அவனுக்குத் தெரியாது. வந்தப்புறம் சொல்லிக்கலாம்னு இருக்கேன்.

வாசல்ல தொங்கற 'வாடகைக்கு' போர்டா? என் பொண்ணு மாட்டினது. "ரூம சும்மா பூட்டி வச்சிருக்க"ன்னு ஊர்லருந்து வந்து மாட்டிட்டுப் போயிட்டா. கழட்டினா சண்டைக்கு வருவா. உங்களுக்கு முன்னால ஆறு பேர் வந்தாங்க. எல்லாருக்கும் இப்படித்தான் உக்கார வச்சு எடுத்துச் சொன்னேன். பாதிலயே அவங்கவங்களுக்கு அவசர வேலை வந்துடுச்சு. நீங்கதான் இவ்வளவு நேரம் உக்காந்திருக்கீங்க. நல்ல வளப்பு. அதனால உங்ககிட்ட மறைக்கக் கூடாது தம்பி. இந்த ரூமு வாடகைக்கு இல்ல.

கெளம்பறீங்களா? கோவமா? டீ குடிச்சுட்டுப் போங்க. சரி, பைய எடுத்துக்கோங்க… மெதுவா, மெதுவா, கண்ணாடி… அய்யோ, சட்டை. முழங்கையெல்லாம் அப்பிக்கிச்சே. வெள்ளச் சட்டை போட்டுக்கிட்டு வந்திருக்கீங்க. தேய்க்காதீங்க, தேய்ச்சா பரவும். கழட்டிக் குடுங்க, தின்னர் இருக்கு, ரெண்டு நிமிஷத்துல எடுத்துடுவேன், எனக்கு அதுல நல்ல பழக்கம். தம்பி, நில்லுங்க. அந்த நாலாவது படி! ...

போயிட்டாரு. எங்க வீட்டுக்காரருக்கு அந்தப் படிய ஒரு ஆணி அடிச்சு நிறுத்தத் துப்பில்ல.

அந்தத் தம்பி கண்ணாடிய வேற நாசம் பண்ணிட்டாரு. காலைலருந்து அடிச்சது. பைய இழுக்கிற அவசரத்துல முழங்கைய இங்கருந்து… இப்படியே மேல கொண்டு போயி… கடைசில சடக்குன்னு…

மணி என்ன? நாலு.

அட, இரு. இருய்யா.

அதே மாதிரி இல்ல. எங்க வீட்டுக்காரர் இழுப்பு இன்னும் கொஞ்சம் சாய்வு. இது கொஞ்சம் நட்டுக்கிட்டு நிக்குது. ஆனா கவனம்னு பேருக்குக்கூட இல்ல. சுத்தமா இல்ல. வெளிச்சம் சொவத்துல எப்படி விழுது பாரேன்… கட்டில் வரைக்கும் வருது. வெறுந்துணிப் பக்கம்கூட விழுதே.

போனு எங்க வச்சேன்…

ஹலோ. நான்தான். இல்லப்பா, வாரம் ஆகல, தெரியும், இன்னிக்கு வேற விஷயம். நீ எதுவும் பேசாத, நான் சொல்றதக் கேளு. உன் பிரஷ்ஷெல்லாம் எடுத்துக்கிட்டு நாளைக்கு நாலு மணிக்குள்ள வந்து சேரு. ஏன்னு கேக்காத. வந்து சொவத்தப் பாரு. உன்கிட்ட ஒண்ணு ஒத்துக்கணும், அதையும் நேர்ல ஒத்துக்கறேன், இல்லன்னா போன்லயே சண்டையாயிடும்.

இல்ல, தொடல. சத்தியமாத் துடைக்கிற துணியக் கையில எடுக்கல. தெருவுல போறவன் யாராவது உள்ள வந்து துடைச்சாத்தான் உண்டு, அதுக்கும் நான் இங்கயே உக்காந்து காவல் காக்கறேன்.

நானா? நான் துடைக்கிறதா?

நாளைக்குத் துடைச்சிடறேன்ப்பா.